வாடியில் தொங்கும் பால்மாப் பேணி

கற்பிட்டி முனை தொட்டு முந்தல், உடப்பு, சிலாபம் வரை கரைவலைப் பாடும் வள்ளமும் வைத்துத் தொழில் நடத்தும் சம்மாட்டிமாருக்கு,



கச்சான் ஓய்ந்துவிட்டது. இனி வாடிகளுக்குப் புது ஓலை ஏறும். கயிறு, மிதப்பு, மண்ணெண்ணெய், அரிசி, சீனி, தேயிலை என்று கடைத்துண்டு எழுதுவீர்கள். துண்டின் அடியில், பீடிக்கும் நெருப்புப்பெட்டிக்கும் கீழே, ‘குளிசை’ என்று ஒரு சொல் இருக்கும். என்ன குளிசை, எத்தனை என்று எழுதியிருக்காது. பார்மசிப் பெடியனுக்கு அது தெரியும். வருஷா வருஷம் அதே கணக்குத்தான்: நோவுக்கு டைக்ளோபெனாக் ஒரு பெட்டி, காய்ச்சலுக்குப் பனடோல் சில கார்ட், தடிமலுக்குப் பிரிட்டோன் குளிசை, காயத்துக்கு அமொக்சிலின் கெப்சூல். எல்லாம் ஒரு பால்மாப் பேணிக்குள் போய், நைலோன் கயிற்றில் வாடிக் கப்பில் தொங்கும்.

அந்தப் பேணியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

குளிசை போடுகிறவனுக்கு எழுதாமல் எங்களுக்கு ஏன் எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். அவனுக்கு எழுதி முடித்தாயிற்று. வைத்தியரைக் கேட்காமல் மருந்து பாவிக்காதே என்று ஆஸ்பத்திரிச் சுவர்கள் சொல்லிக்கொண்டுதான் இருக்கின்றன. அவன் அதை வாசித்துவிட்டு வலை இழுக்கப் போகிறான். ஓ.பீ.டீ. வரிசையில் ஒரு காலைப்பொழுது போனால் அன்றைய பங்கு போய்விடும். பத்தலங்குண்டு மாதிரித் தீவு வாடியில் கிடப்பவனுக்கு வரிசைக்கு வந்து சேரவே போட் வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்துக்குக் காசில்லை. அதை வாங்கப் போகிற நேரத்துக்குக் காசு உண்டு. இந்தக் கணக்கை அவன் தனியாகத் தீர்க்க முடியாது. பங்கு பிரிக்கிறவர் நீங்கள். பேணியும் உங்களுடையது.

முதலில் என் பங்கைச் சொல்லிவிடுகிறேன். நான் இந்தக் கரையில் ஒரு தனியார் பார்மசியில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் கவுண்டருக்குப் பின்னால் நின்றவன். உங்கள் கடைத்துண்டுகளுக்கு மருந்து கட்டிக் கொடுத்த கை இது. வைத்தியரின் துண்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத மருந்து எது என்று எனக்கு மனப்பாடம். முதலாளி பழக்கமானவர்; பெடியன் வெயிலில் மோட்டார் சைக்கிளில் வந்து நிற்கிறான்; நான் கொடுக்காவிட்டால் அடுத்த கடையில் கொடுப்பார்கள். இந்த மூன்று காரணமும் ஒவ்வொரு தரமும் எனக்குப் போதுமாயிருந்தன.

ஒரு மனிதரைச் சொல்கிறேன். ஊரைச் சொல்லப் போவதில்லை. களப்புக் கரையில் பிறந்து பதினாறு வயதில் கயிற்றைத் தோளில் போட்டவர். முப்பது தாண்டியதும் இடுப்பு நோ. வலை வளைக்க முன் ஒன்று, மடி கரையேறிய பிறகு ஒன்று என்று தொடங்கினார். வயிறு எரியத் தொடங்கியதும் ஒமெப்ரசோலும் கூடச் சேர்ந்தது. அதையும் நான்தான் கொடுத்தேன். வயிற்றைக் காப்பாற்றிக் கொடுக்கிறோம் என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பல வருஷம் இப்படி. ஒரு நாள் கடைக்கு வந்தபோது முகம் ஊதியிருந்தது. கணுக்காலில் விரலை வைத்து அழுத்திப் பார்த்தேன். குழி விழுந்து, விழுந்தபடியே நின்றது. ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். இரத்தத்தில் கிரியேட்டினின் ஏறிக் கிடந்தது. பிரஷரும் இருந்திருக்கிறது, அவருக்கே தெரியாமல். எது எவ்வளவு கெடுத்தது என்று வைத்தியராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகு சந்தித்தபோது அவர் கோபப்படவில்லை. கேட்டது ஒன்றுதான்: “மருந்துதானே நானா குடிச்சேன். கசிப்பா குடிச்சேன்?”

அன்றைக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

பதில் இதுதான். டைக்ளோபெனாக், இபுபுரூபன், மெபனமிக் அசிட் எல்லாம் ஒரே குடும்பம். அடிபட்ட, உளைந்த இடத்தில் நம் உடம்பு புரொஸ்டாகிளாண்டின் என்று ஒரு பொருளைச் சுரக்கிறது. வீங்குவதும் நோவதும் பெரும்பாலும் அதன் வேலை. குளிசை அந்தச் சுரப்பைத் தடுக்கிறது, நோ அடங்குகிறது. ஆனால் அதே பொருளை உடம்பு வேறு வேலைகளுக்கும் வைத்திருக்கிறது. இரைப்பையின் உட்சுவரைப் புண்ணாகாமல் காப்பது ஒன்று. உடம்பில் நீர் குறைந்த நேரத்தில், சிறுநீரகத்துக்குள் இரத்தம் கொண்டுபோகும் குழாயை ஒடுங்கவிடாமல் திறந்து பிடிப்பது இன்னொன்று.

உப்பளம் வைத்திருப்பவருக்கும் இறால் குளம் வெட்டியவருக்கும் இதைச் சொல்வது லேசு. களப்பில் நீர் வற்றும்போது மதகை நன்றாகத் திறந்து வைத்தால்தான் குளத்துக்கு நீர் ஏறும். அந்த நேரம் பார்த்து ஒருவன் மதகுப் பலகையை இறக்கினால் என்ன ஆகும்? மாரியில் பலகை பாதி இறங்கிக் கிடந்தாலும் குளம் தாங்கும். கோடையில் தாங்காது. டைக்ளோபெனாக் இறக்குவது அந்தப் பலகையைத்தான். ஒமெப்ரசோல் இரைப்பைக்கு மட்டும் காவல். மதகுப் பக்கம் அது போவதில்லை.

நம் ஆட்களின் உடம்புக்குள் எந்த நேரமும் கோடைதான். விடிய நாலு மணிக்கு ஒரு பிளேன்ரீ. பிறகு கடல், கயிறு, மணல். பத்து மணி வெயில் ஏறும்போது உடுத்த சாரம் பிழியலாம் போல இருக்கும். குடிக்க என்ன இருக்கிறது? குடாநாட்டுக் கிணற்று நீர் பல இடத்தில் உவர். நல்ல நீர் ஊறுகிற மணலிலும் தோட்டத்துப் பசளை இறங்கி நைத்திரேற்று ஏறிக் கிடக்கிறது. ஆகவே ஆர்.ஓ. தண்ணீரைக் கானில் காசுக்கு வாங்குகிறோம். காசுக்கு வாங்கிய தண்ணீரை எவனும் மடக் மடக்கென்று குடிப்பதில்லை. அந்த நிலையில், வெறும் வயிற்றில், அடித் தேத்தண்ணியோடு ஒரு டைக்ளோபெனாக்.

இதே குளிசையை வைத்தியரும் எழுதுகிறார் என்பீர்கள். எழுதுகிறார்தான். மூன்று நாளைக்கு, அல்லது ஐந்து நாளைக்கு, சாப்பாட்டுக்குப் பிறகு, வயதையும் கிளினிக் கொப்பியையும் பார்த்து, நிழலில் படுத்திருக்கப் போகிறவனுக்கு.

சிறுநீரகம் கெட்டுப்போகும்போது நோவதில்லை. பாதியளவு வேலை நின்ற பிறகுதான் கிரியேட்டினின் ஏறத் தொடங்கும். அதுவரை ஆள் வலை இழுப்பான், சிரிப்பான், உங்களிடம் முற்பணம் கேட்பான். கடைசியில் கிழமைக்கு இரண்டு மூன்று தரம், ஒவ்வொரு தரமும் நாலு மணித்தியாலம் இயந்திரத்தோடு படுக்க வேண்டி வந்தால் அவன் எந்தப் பங்குக்கும் வரப் போவதில்லை.

வயதான ஆட்களைப் பற்றித் தனியாக ஒரு சொல். பிரஷருக்கு லொசார்டனோ எனலப்ரிலோ எடுக்கிறவர், அதோடு நீர் போவதற்கு எச்.சீ.டீ. அல்லது புருசமைட் எடுக்கிறவர், மூன்றாவதாக உங்கள் பேணியிலிருந்து டைக்ளோபெனாக் எடுத்தால், மூன்றும் மூன்று பக்கத்தால் சிறுநீரகத்தின் அழுத்தத்தைக் குறைக்கும். வைத்தியர்கள் இந்தக் கூட்டுக்குத் தனிப் பெயரே வைத்து அஞ்சுகிறார்கள். கிளினிக்கில் கொடுத்தது நல்ல மருந்து. மூன்றாவதைச் சேர்த்தது வாடி. இதில் ஆளுக்கு வயிற்றோட்டமும் வந்தால் ஒரு கிழமை போதும்.

நோவை அடக்கி வேலை வாங்குகிற பழக்கம் நம் கரையில் பிறந்ததல்ல. சுவீடனில் ஹுஸ்க்வார்னா என்று ஒரு தொழிற்சாலை ஊர். துப்பாக்கியும் தையல் மெஷினும் மோட்டார் சைக்கிளும் செய்த இடம். 1918இல் உலகத்தையே சுற்றிய இன்புளுவன்சா அங்கேயும் வந்தது. ஹ்யோர்ட்டன் என்ற வைத்தியர் பினசெற்றின், பினசோன், கபீன் மூன்றையும் கலந்து ஒரு தூள் எழுதிக் கொடுத்தார். காய்ச்சல் போய்விட்டது, தூள் தங்கிவிட்டது. குடித்தால் களைப்புத் தெரியாது, கை வேகமாக ஓடும் என்று தொழிலாளர்கள் கண்டுகொண்டார்கள். ஒருவருக்கொருவர் சிகரெட் நீட்டுகிற மாதிரி நீட்டினார்கள். பிறந்தநாளுக்குப் பொதி கட்டிப் பரிசாகக் கொடுத்தவர்களும் உண்டு. ஒருவரும் அதை நஞ்சு என்று நினைக்கவில்லை. டொக்டர் எழுதியது அல்லவா?

முப்பது நாற்பது வருஷம் கழித்து அந்த ஊரில் ஆட்கள் சிறுநீரகம் செயலிழந்து சாகத் தொடங்கினார்கள். சுவிற்சர்லாந்தில் இரண்டு மருத்துவர்கள் 1953இலேயே இந்த வகைச் சிறுநீரக நோயையும் நோவுத் தூளையும் சேர்த்து எழுதியிருந்தார்கள். சுவீடன் 1961இல் பினசெற்றினைத் துண்டில்லாமல் விற்க முடியாதபடி செய்தது. கூர்ட் கிரிம்லுண்ட் என்பவர் ஹுஸ்க்வார்னாத் தொழிற்சாலையைப் பற்றிய தன் ஆய்வை 1963இல் வெளியிட்டார். அவுஸ்திரேலியாவில் பெக்ஸ் என்ற தூள் வீட்டுப் பெண்களின் தேநீர் வேளையோடு ஒட்டிக்கொண்டு அதே வேலையைச் செய்தது. அமெரிக்கா 1983இல்தான் பினசெற்றினைச் சந்தையிலிருந்து எடுத்தது. அந்தத் தூளுக்கும் நம் டைக்ளோபெனாக்குக்கும் இரசாயனம் வேறு. பழக்கம் ஒன்றே: மருந்து, கருவிப் பெட்டிக்குள் இடம் பிடித்துவிட்டது.

டைக்ளோபெனாக்கின் கதையில் இன்னொரு துண்டும் உண்டு; பறவை பார்க்கிறவர்களுக்குத் தெரிந்தது. இந்தியாவிலும் பாக்கிஸ்தானிலும் நோவெடுத்த மாட்டுக்கு அதை ஊசியாகப் போட்டார்கள். அந்த மாடு செத்தால் அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டு விழுந்தன. 2004இல் காரணம் பிடிபட்டபோது இந்தியக் கழுகுகளில் மிகப் பெரும்பங்கு போய்விட்டது. 2006இல் மாட்டுக்குக் கொடுப்பதை இந்தியா தடை செய்தது. கழுகின் உடம்புக்கு அது மனிதனை விடப் பல மடங்கு கொடியது, அதனால் பயப்படுத்தச் சொல்லவில்லை. குட்டி வில்லைக்குள் என்ன வலு இருக்கிறது என்று ஒரு தரம் நினைத்துப் பார்ப்பதற்குச் சொன்னேன்.

பக்கத்து அனுராதபுர மாவட்டத்தில் 1990களிலிருந்து வயற்காரர்களைத் தின்கிற சிறுநீரக நோயை அறிவீர்கள். அதற்குக் காரணம் இன்னதென்று விஞ்ஞானிகள் இன்னும் ஒருமுகமாகச் சொல்லவில்லை. நிக்கரகுவா, எல் சல்வடோர் நாடுகளின் கரும்புத் தோட்டங்களிலும் அதே சாயலில் ஒரு நோய் இளம் ஆண்களைப் பிடித்தது. அங்கே வெயிலும் நீர் வற்றிய உடம்பும் முதல் சந்தேகம். நோவுக் குளிசையும் சந்தேகப் பட்டியலில் இருக்கிறது. அங்கே சில தோட்டங்களில் முதலாளிமார் செய்து பார்த்தது மிக எளிய காரியம்: தண்ணீர், நிழல், இடையிடையே ஓய்வு. சிறுநீரகக் காயம் குறைந்தது. முதலாளி செய்தால்தான் நடக்கிற காரியம் என்பதைக் கவனியுங்கள்.

இனிக் காய்ச்சல். 2017இல் இந்த நாட்டில் 186,101 பேருக்கு டெங்கு. 400க்கு மேற்பட்டோர் செத்தார்கள். வாடியில் ஒருவனுக்குக் காய்ச்சல் காய்ந்தால் உடம்பு முறிக்கிற மாதிரி நோகும். உடனே பேணியிலிருந்து பனடோலோடு ஒரு டைக்ளோபெனாக்கும் போகும். சுருக்காக அடங்கட்டும் என்று. டெங்குவில் இரத்தத்தை உறையவைக்கிற தட்டுகள் ஏற்கெனவே குறைந்துகொண்டு போகின்றன. அதற்கு மேல் இந்தக் குளிசை இரைப்பையைப் புண்ணாக்கினால் உள்ளே இரத்தம் கசியும். கறுப்பாகத் தார் மாதிரி வெளிக்குப் போனால் அது இரத்தம். காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டும். அஸ்பிரின் கூடாது, டைக்ளோபெனாக் கூடாது, வேறு ஒன்றும் கூடாது.

இதைவிடப் பெரிய ஏமாற்று ஒன்று இருக்கிறது. டெங்குவில் ஆபத்து, காய்ச்சல் கொதிக்கும்போது வருவதை விடக் காய்ச்சல் இறங்கும்போதுதான் அதிகம். மூன்றாம் நாள், நாலாம் நாள் உடம்பு குளிர்ந்ததும் ஆள் எழும்பி “சரியாப் போச்சு” என்று கயிற்றைப் பிடிக்க வருவான். இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்குவது அந்த நேரத்தில்தான். வயிற்று நோ, ஓயாத வாந்தி, கை கால் சில்லென்று குளிர்தல் இருந்தால் அவனை வள்ளத்தில் ஏற்றாதீர்கள். 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் வரும். தீவில் இருந்தால் மீன் இறக்குவதை விட்டுவிட்டு ஆளை இறக்குங்கள். காய்ச்சல் தொடங்கி மூன்றாம் நாளுக்குள் ஒரு இரத்தப் பரிசோதனை, அவ்வளவுதான்.

பனடோலையும் ஒரேயடியாக நல்ல பிள்ளை என்று சொல்லிவிட முடியாது. வளர்ந்த ஆளுக்கு 500 மில்லிகிராம் வில்லை ஒரு தரத்துக்கு இரண்டு, ஆறு மணித்தியால இடைவெளி, இருபத்துநாலு மணித்தியாலத்தில் எட்டுக்கு மேல் போகக் கூடாது. கசிப்பும் சாராயமும் நாளாந்தம் குடிக்கிறவனுடைய ஈரலுக்கு அந்த எட்டும் அதிகம். கூடினால் முதல் நாள் ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் கண் மஞ்சளாகும். மாற்று மருந்து உண்டு, ஆனால் எட்டு மணித்தியாலத்துக்குள் போனால்தான் அது முழுக்கக் கைகொடுக்கும்.

எண்ணிக்கை எப்படிக் கூடுகிறது என்று கவுண்டரில் நின்று பார்த்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் காகித உறையில் தந்த வெள்ளைக் குளிசை இரண்டு. கடையில் வாங்கிய பனடோல் இரண்டு. தடிமலுக்கென்று பெட்டியில் வருகிற கூட்டுக் குளிசை ஒன்று. மூன்றும் வேறு வேறு மருந்து என்று ஆள் நினைக்கிறான். மூன்றுக்குள்ளும் பரசிட்டமோல். மருந்தை அதன் சொந்தப் பெயரால் கூப்பிட வேண்டும் என்று உலகத்துக்கே சொல்லிக்கொடுத்த பேராசிரியர் சேனக பிபிலே நம் நாட்டவர். 1971இல் டொக்டர் எஸ்.ஏ. விக்கிரமசிங்கவோடு சேர்ந்து அவர் எழுதிய அறிக்கையிலிருந்துதான் அரச மருந்துக் கூட்டுத்தாபனமும், நீங்கள் அறிந்த ஒசுசலவும் வந்தன. அவர் நாட்டிலேயே மட்டைப் பெயரைப் பார்த்துக் குளிசை விழுங்குகிறோம்.

அடுத்தது திருக்கை முள். கெளிறு முள்ளும்தான். குத்தினதும் நம் ஆட்கள் செய்வது என்ன? அமொக்சிலின் கெப்சூலைப் பிரித்துத் தூளைக் காயத்தில் தூவுவது. அதனால் காயம் ஆறுவதில்லை. கடல் நீரில் வாழ்கிற கிருமிகளுக்கு அது சரியான மருந்தும் அல்ல. திருக்கை நஞ்சு சூட்டுக்கு அடங்கும். பொறுக்கிற அளவு சூடான நீரில் காலை அரை மணித்தியாலத்துக்கு மேல் வைத்தால் உயிர் போகிற நோவும் இறங்கும். கால் மரத்திருக்கலாம், ஆகவே சூட்டை வேறொருவர் கை வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு முள் உடைந்து உள்ளே இருக்கிறதா என்று பார்க்கவும், ஏற்பு ஊசிக்கும் ஆஸ்பத்திரி. நெஞ்சிலோ வயிற்றிலோ குத்தினால் வெந்நீரும் வேண்டாம், முள்ளை இழுக்கவும் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி.

அன்டிபயோட்டிக்கைப் பேணியில் வைப்பதில் இன்னொரு கேடு உண்டு. ஒருவன் இரண்டு கெப்சூல் போடுவான், சுகம் என்று விடுவான். மிச்சம் அடுத்தவனுக்கு. பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங் 1945 டிசம்பரில் நோபல் பரிசு வாங்கியபோது ஒரு கற்பனைக் குடும்பத்தைச் சொன்னார். கணவனுக்குத் தொண்டை நோ. கடையில் பெனிசிலின் வாங்கிக் குறைவாகக் குடிக்கிறான். கிருமி சாகாமல், மருந்தோடு பழகிக்கொள்கிறது. அது மனைவிக்குத் தொற்றுகிறது. அவளுக்குக் கொடுக்கிற பெனிசிலின் வேலை செய்யாமல் அவள் இறக்கிறாள். பரிசு வாங்கிய கையோடு அவர் சொன்னது இது. 2019இல் மட்டும் உலகத்தில் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர், மருந்துக்கு மசியாத பக்டீரியாக்களால் நேரடியாக இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள்.

இறால் பண்ணைக்காரருக்கு இதில் பழைய பாடம் இருக்கிறது. 1996இல் வெண்புள்ளி நோய் வந்து குளம் குளமாக இறால் மிதந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அது வைரஸ். எந்த அன்டிபயோட்டிக்கைக் கொட்டினாலும் அதற்கு அசையாது. நம் தடிமலும் இருமலும் பெரும்பாலும் அதே ஜாதி.

பிரகெபலினைப் பற்றி நீட்ட விருப்பமில்லை. கற்பிட்டிக் கடற்கரையிலும் களப்புத் தீவுகளிலும் கடற்படை அந்தக் கெப்சூல்களை மூட்டை மூட்டையாகப் பிடித்த செய்தி எத்தனை தரம் வந்தது! நரம்பு நோவுக்கும் வலிப்புக்கும் கொடுக்கிற மருந்து அது. போதைக்குப் போடுகிறவன் கூடவே சாராயமும் குடித்தால் மூச்சு அடங்கிப் போகலாம். வழக்கமாகப் போட்டவன் திடீரென்று நிறுத்தினாலும் வலிப்பு வரலாம், அது கடலில் வந்தால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடத்துகிறவர்களோடு பேச எனக்கு ஒன்றுமில்லை. உங்களோடு பேச ஒன்று இருக்கிறது: உளைந்தால் குளிசை, நித்திரை வராவிட்டால் குளிசை என்று பேணியைப் பார்த்து வளர்ந்த பெடியனுக்கு அடுத்த கெப்சூல் புதிதாகத் தெரியாது.

2022ஐயும் நினைக்கிறேன். மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்த வருஷம். ஆஸ்பத்திரியில் மருந்துத் தட்டுப்பாடு. வெளியே வாங்கு என்று துண்டு. கடையில் பிரஷர் குளிசை விலை இரட்டித்து நின்றது. ஒரு மாதத்துக்கு எழுதியதைப் பத்து நாளைக்கு மட்டும் வாங்கிப் போனவர்களை நான் பார்த்தேன். அதே ஆட்கள் நோவுக் குளிசைக்கு மட்டும் எப்படியோ காசு சேர்த்தார்கள். காரணம் விளங்கியது: பிரஷர் குளிசை போடாவிட்டால் இன்றைக்கு ஒன்றும் ஆகாது; நோவுக் குளிசை போடாவிட்டால் இன்றைக்குச் சோறில்லை. இந்தக் கணக்குத்தான் என்னை இந்தக் கடிதத்தை உங்களுக்கு எழுத வைத்தது.

கேட்கப் போவது கொஞ்சம் செலவுள்ள காரியம்தான். பேணியில் டைக்ளோபெனாக்கும் அமொக்சிலினும் வேண்டாம். பரசிட்டமோல் இருக்கட்டும், எண்ணி. எடுத்தவன் பெயரையும் நேரத்தையும் ஒரு கொப்பியில் எழுதட்டும். எழுதத் தெரியாதவனுக்குக் கணக்கப்பிள்ளை எழுதட்டும். மீன் கணக்கு எழுதுகிற கைதானே. நிழலில் ஒரு மூடி போட்ட தண்ணீர்ப் பீப்பாய், உங்கள் செலவில், வற்ற வற்ற. வெயில் ஏறிய நாட்களுக்கும் வயிற்றோட்டத்துக்கும் ஜீவனி உப்புப் பக்கெட். ஒரு பக்கெட்டுக்கு ஒரு லீட்டர் தண்ணீர், குறைத்துக் கரைக்கக் கூடாது. பிரஷர்காரர் வயிற்றோட்டமில்லாத நாளில் வெறும் தண்ணீர் குடித்தால் போதும். கெற்றில் ஒன்று எப்போதும் அடுப்புக்குப் பக்கத்தில், முள் குத்துக்கு.

நோவுக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள், நியாயமான கேள்வி. பல பாடுகளில் இப்போது ட்ரக்டர் வின்ச்தான் இழுக்கிறது, ஆனால் மடி தூக்குவதும் பெட்டி சுமப்பதும் குனிந்து தெரிவதும் மனிதன்தான். ஆளை மாற்றி மாற்றி விடுங்கள். ஒரே ஆள் எல்லா நாளும் பெட்டி சுமக்க வேண்டாம். பின்னேரம் ஒத்தடம், இரவு நித்திரை. இரண்டு கிழமைக்கு மேல் நீடிக்கிற நோ, காலுக்கு இறங்குகிற நோ வைத்தியருக்கு உரியது. அவர் டைக்ளோபெனாக் எழுதினால் எழுதிய நாளைக்கு மட்டும், சாப்பிட்டு, தண்ணீர் குடித்து.

கடைசியானது கசக்கும். சுகமில்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போகிறவனுக்கு அன்றைக்கு அரைப் பங்காவது வையுங்கள். அது இல்லாமல் நான் மேலே எழுதியது ஒன்றும் நடக்காது. தண்டல் கண்ணால் பார்த்து, “இவன் இன்றைக்கு வேண்டாம்” என்று சொல்கிற அதிகாரமும் அந்த அரைப் பங்கோடுதான் வரும். கள்ளக் காய்ச்சல் காட்டுவார்கள் என்று பயப்படுகிறீர்கள். காட்டுவான் ஒருவன், இரண்டு தரம். உங்கள் பெரியவர்களுக்குத் தெரியாத ஆளா?

வாடி வேய்ந்து முடிந்ததும் சொல்லி அனுப்புங்கள். பிரஷர் பார்க்கிற கருவி என்னிடம் இருக்கிறது. நாற்பது வயது தாண்டியவர்களை ஒரு காலை வரிசையில் வைத்துப் பார்த்துவிடலாம், கூடினவர்களைக் கிளினிக்குக்குத் திருப்பலாம். வரும்போது ஒரு பெட்டி ஜீவனியும் கொண்டு வருகிறேன். பேணியில் இருக்கிற டைக்ளோபெனாக்கை எண்ணித் தாருங்கள். கார்டுக்கு ஐந்து பக்கெட் என்று மாற்றிக்கொள்வோம். எத்தனையோ வருஷம் நான் விற்றது, திருப்பி எடுப்பதில் எனக்கு நட்டமில்லை.

பேணியை எறிய வேண்டாம். நன்றாகக் கழுவினால் பீப்பாயில் தண்ணீர் மொள்ள உதவும்.

இப்படிக்கு,
கவுண்டருக்குப் பின்னால் நின்றவன்
கற்பிட்டிக் குடாநாடு